தாலித் தங்கமும் இரண்டு நட்சத்திரங்களும்

"மேடம், நீங்க எழுதுனதால எங்க வீட்டுக் கல்யாணம் நின்னுரும் போல இருக்குங்க."

வாயில் பேஸ்ட் நுரையோடு நிற்கும்போது வரவேண்டிய போனா இது?

பல வருஷமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன். என் ரசத்தில் குறை கண்டுபிடித்துப் போன் செய்தவர்கள் உண்டு. கொடைக்கானல் குளிரைப் பற்றி அளவுக்கு மீறிப் புலம்புகிறேன் என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் ஒரு கல்யாணத்தை நிறுத்தியதாகக் குற்றச்சாட்டு வந்தது இதுதான் முதல் தடவை. வாயைக் கொப்பளித்துவிட்டு, யார் பேசுவது என்று கேட்டேன்.

பேசியவர் பெயர் தண்டபாணி. பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் கொய்யா மண்டி வைத்திருக்கிறார். மகள் கௌசல்யா, பழனி கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை கதிர்வேல், மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்துக்காரர். வேலை மட்டும் இங்கே கொடைக்கானலில், ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில். அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று. போன வாரம் நல்ல நாள் பார்த்து, தாலி செய்ய ஆசாரியிடம் தங்கம் கொடுக்கக் கிளம்பியிருக்கிறார்கள். கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை தங்கத்தைத் திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

காரணம்? நான்.

அந்தப் போன் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் இதே இடத்தில் தங்கம் எப்படி உண்டாகிறது என்று எழுதியிருந்தேன். உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன் — இல்லையென்றால் எனக்கு இன்னொரு போன் வரும்.

சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் ஒன்று, தன் எரிபொருளை எல்லாம் எரித்துத் தீர்த்துவிடுகிறது என்று வையுங்கள். எரிகிறவரை உள்ளே இருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்த சூடு அதோடு போயிற்று. தன் எடையைத் தானே தாங்க முடியாமல் நடுப்பகுதி உள்ளுக்குள் இடிந்து விழுகிறது. மேல்பகுதி வெடித்துச் சிதறுகிறது. நடுவில் மிஞ்சுவதுதான் நியூட்ரான் நட்சத்திரம். எடை சூரியனைவிட அதிகம். அளவோ நம் பழனியையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் மூடுகிற ஓர் உருண்டை — அவ்வளவுதான். அதில் ஒரு ஸ்பூன் எடுத்தால் ஒரு மலையின் எடை இருக்கும். யார் எடுப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

இப்படி இரண்டு உருண்டைகள் சில இடங்களில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றச் சுற்ற, ஈர்ப்பு அலைகளாகச் சக்தியை இழந்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கும். கோடிக்கணக்கான வருஷம் நெருங்கும். கடைசி நொடிகளில் வெறி பிடித்த மாதிரி சுழன்று, மோதி, ஒன்றாகிவிடும். அப்போது வெளியே தெறிக்கிற துளியூண்டு பொருளில்தான் தங்கம், பிளாட்டினம், யுரேனியம் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் சமைந்துவிடுகின்றன. சில வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு மோதலின் அலையைக் கருவிகள் பிடித்தன. உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாம் திரும்பி அதன் வெளிச்சத்தையும் பார்த்தன.

இதை எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? 'உங்கள் கழுத்தில் மின்னும் தாலி, செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் மோதியதில் பிறந்தது' என்று முடித்தேன். அந்த வரியில் 'பெரும்பாலும்' என்று ஒரு வார்த்தையும் போட்டிருந்தேன். வேறு வழிகளிலும் தங்கம் உண்டாகலாம், எது எவ்வளவு என்று விஞ்ஞானிகள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இடம் போதாமல் அந்த ஒரு வார்த்தை மட்டும் அச்சில் காணாமல் போனது. மிச்சத்தைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

செத்தது சம்பந்தப்பட்ட தங்கத்தைத் தாலியாகக் கட்டுவதாவது? இதுதான் அத்தையின் கேள்வி. வேறு தங்கம் வாங்கலாம் என்று தண்டபாணி சொல்லியிருக்கிறார். எல்லாத் தங்கமும் அப்படித்தானாமே, பேப்பரில் போட்டிருக்கிறதே என்றாராம் அத்தை. கொஞ்ச நாள் தள்ளிப்போடுவோம், யோசிப்போம் என்று முடித்துவிட்டார்.

நான் போனிலேயே விளக்க ஆரம்பித்தேன். தண்டபாணி இடையில் புகுந்து, எனக்குப் புரிந்து என்ன செய்ய, அந்த அம்மாவுக்கல்லவா புரியவேண்டும் என்றார். நேரில் வர முடியுமா என்று கேட்டார். மூட்டுவலி, மலைப்பாதை, பஸ் என்று நான் இழுத்தபோது அவர் குரல் இறங்கியது.

"தங்கத்தக் கொறை சொல்றது எத்தன நாளைக்குங்க? ஊருக்குள்ள இப்பவே பொண்ணு ராசிதான் சரியில்லங்கிறாய்ங்க."

அதற்கு மேல் மூட்டுவலியைப் பற்றிப் பேச முடியுமா?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கல்லூரியில் பல வருஷம் பௌதிகம் நடத்தியவள், கல்யாணத் தரகராக மலை இறங்கும் நிலைமையைப் பாருங்கள் என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், ஆயக்குடிக்காரர் என்கிறாய், வரும்போது கொய்யா வாங்கிக்கொண்டு வா என்றார். இந்த மனிதரோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

பழனி பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. அது வரமா சாபமா என்பது பெருமாள்மலை தாண்டி வளைவுகள் ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. எதிரே டூரிஸ்ட் வேன்கள் வரிசை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் யார் பின்னால் போவது என்று ஒரு பஞ்சாயத்து. முன் சீட்டுப் பெண் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுக்க, நான் ஜன்னலை மூட, பின்னால் இருந்தவர் காற்று வரவில்லை என்று திறக்கச் சொல்ல... அடிவாரம் வருவதற்குள் நியூட்ரான் நட்சத்திரத்தின் மேல் எனக்கிருந்த மரியாதை பாதி குறைந்துவிட்டது.

தண்டபாணி காரோடு காத்திருந்தார். காரில் அவர் மனைவியும் கௌசல்யாவும் இருந்தார்கள். வழியெல்லாம் தண்டபாணிதான் பேசினார். ரெண்டு நட்சத்திரம் சுத்திச் சுத்தி ஒண்ணாகுதுன்னு எழுதியிருக்கீங்களே, கல்யாணமும் அப்படித்தானே மேடம், அதை எடுத்துச் சொன்னால் சம்பந்தி இறங்கி வந்துவிடுவார் என்று யோசனை சொன்னார். அந்த இரண்டும் ஒன்றான பிறகு பெரும்பாலும் கருந்துளையாகிவிடும், வெளிச்சம்கூட வெளியே வராது, இதைச் சொல்லிக் கல்யாணம் பேச முடியுமா என்று கேட்டேன். அவர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டார். கௌசல்யாவின் முகத்தில் மட்டும் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. கெட்டிக்காரப் பெண் என்று அப்போதே தெரிந்தது.

மாப்பிள்ளையின் அத்தை பெயர் பழனியம்மாள். அண்ணனும் அண்ணியும் அடுத்தடுத்துப் போய்விட, கைக்குழந்தையாக இருந்த கதிர்வேலை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். வீட்டை ஒட்டியே மாவு மில் வைத்திருக்கிறார். நாங்கள் போன நேரம் மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

மிளகாய் நெடியில் உட்கார்ந்து விண்வெளி விளக்கிய அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

கண்ணில் நீர் வழிய ஆரம்பித்தேன். "நட்சத்திரம்னா..." — தும்மல். ஒற்றைத் தும்மல். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் ஒற்றைத் தும்மல்! தண்டபாணியின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொன்று தும்மிவிடுங்கள் மேடம், சரியாகிவிடும் என்று தண்டபாணி கெஞ்சினார். கேட்டால் வருமா தும்மல்? மாப்பிள்ளை கதிர்வேல் ஓடிப்போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சிவப்பாக, ஒல்லியாக, பணிவான பையன். உங்கள் வாசகன் மேடம், ஒரு வாரம்கூட விடாமல் படித்துவிடுவேன் என்று மெல்லச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பழனியம்மாள் நான் நினைத்து வந்த மாதிரி இல்லை. சத்தம் போடவில்லை, சாமி வரவில்லை. ஆளை நிறுத்தி மில்லை அணைக்கச் சொல்லிவிட்டு, மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். நட்சத்திரம் எப்போது மோதியது? சூரியனே பிறக்காத காலத்தில். அந்தத் தங்கம் இங்கே எப்படி வந்தது? தூசோடு தூசாகக் கலந்து, அந்தத் தூசு திரண்டு சூரியனும் பூமியும் ஆனபோது கூடவே வந்தது. ஆக, பூமியில் இருக்கும் எல்லாத் தங்கமும் பூமியைவிடப் பழசு.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வகுப்பு எடுத்துப் பழகிய வாய். அதனால்தான் சொல்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் கழுத்தில் கிடக்கிற தாலியும் அதே... என்று சொல்லிக்கொண்டே போனவள் அவர் கழுத்தைப் பார்த்தேன்.

வெறும் கழுத்து.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பழனியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அதான் எனக்கு வெரசாவே எறங்கிருச்சோ, டீச்சரம்மா?"

குத்திக்காட்ட அவர் இதைக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் கணவரை இழந்தவர் என்று பின்னால் தெரிந்தது. இத்தனை காலமும் அந்தக் கேள்விக்கு யார் யாரோ என்னென்னவோ பதில் சொல்லியிருப்பார்கள். ராசி என்றிருப்பார்கள், ஜாதகம் என்றிருப்பார்கள். இப்போது பேப்பரில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அவர் கேட்கமாட்டாரா?

வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். நெஞ்சுவலி, சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் வழியிலேயே விழுந்துவிட்டார் என்றார்.

"அப்ப அது நெஞ்சுவலிம்மா. தங்கத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, உங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இந்த ஊர்ல பேரன் பேத்தி எடுத்து ஒண்ணா வாழ்ற அத்தன பேர் கழுத்துலயும் கெடக்கிறது அதே தங்கந்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தது மிளகாய் நெடிக்காகவா என்று எனக்குத் தெரியாது. கௌசல்யா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பழனியம்மாள் அடுத்த கேள்வியைக் கேட்டார். நட்சத்திரத்துக்கு உயிர் உண்டா? கிடையாது. பிறகு எப்படிச் செத்தது? சாகவில்லை, விறகு தீர்ந்து அணைந்த அடுப்பு மாதிரி அது அணைந்துபோனது, அவ்வளவுதான் என்றேன்.

"அடுப்பு அணைஞ்சா அடுப்பு செத்துருச்சுன்னு சொல்லுவோமா?"

"சொல்ல மாட்டோம்."

"பெறகு ஏன் செத்ததுன்னு எழுதுனீங்க?"

படிக்க நன்றாக இருக்கும் என்று எழுதினேன் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். படிக்க நன்றாக இருந்தால் போதுமா, நாலு வீட்டில் தூக்கம் போயிற்றே என்று அந்தப் பார்வை சொன்னது. வாயால் சொன்னது வேறு. ஆசாரியிடம் நாளைக்கே வெள்ளனே போய்க் கொடுத்துவிடுவோம், நல்ல காரியத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

தண்டபாணி எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். அவர் மனைவி அழுதேவிட்டார். பழனியம்மாள் எல்லோரும் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லி, கேசரிக்கு ரவை வறுக்க உள்ளே போனார். எனக்கு மலையேறும் பஸ் போய்விடும் என்ற கவலை. கதிர்வேல் என்னைப் பழனி பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கார் சாவியை எடுத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த வாரப் பத்தி எவ்வளவு அழகாக இருந்திருக்கும்!

ஊர் எல்லை தாண்டியதும் கார் மெதுவானது. தென்னந்தோப்பு ஓரம் நின்றேவிட்டது. கதிர்வேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நீங்க வராம இருந்திருக்கலாம் மேடம்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். என் பத்தியை அவருக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டியது இவர்தான். அதுவும் முழுதாக அல்ல, அந்தக் கட்டம் கட்டிய வரியை மட்டும். இவருக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. இவர் வேலை பார்க்கும் ஹோட்டலில் அக்கவுன்ட்ஸ் பார்க்கும் ஷீலா என்ற பெண்ணோடு மூன்று வருஷமாகப் பழக்கம். வில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். அத்தையிடம் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பெண் பார்க்கப் போனபோதும் வரவில்லை, நிச்சயம் செய்தபோதும் வரவில்லை. என் பத்தியைப் படித்ததும் ஒரு வழி தெரிந்தது. சகுனம் என்று வந்துவிட்டால் அத்தையே நிறுத்திவிடுவார், தான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

விடாமல் படிக்கிற வாசகர்! எனக்கு வாய்த்த வாசகர்!

அவர் அதோடும் விடவில்லை.

"சயின்ஸ்ல எதுவுமே முடிவானது இல்லைன்னு நீங்கதானே மேடம் எழுதுவீங்க? கொஞ்சம் டவுட்டா சொல்லியிருக்கலாம்ல... இப்ப போன் பண்ணிக்கூட, இன்னும் ஆராய்ச்சி நடக்குதுன்னு..."

என் வாழ்நாளில் எத்தனையோ மாணவர்கள் எத்தனையோ சாக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நியூட்ரான் நட்சத்திரங்களின் மோதலைச் சாக்காகச் சொல்லி ஒருவர் கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பார்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தம்பி, வானத்துல கெடந்தத எல்லாம் இழுத்துட்டு வந்து நடு வீட்ல போட்டீங்களே, உங்க வாய் எங்க போச்சு? ராசியில்லாதவன்னு அந்தப் பொண்ணுக்குப் பேரு வந்தா, அத யாரு அழிக்கிறது?"

அவருக்கு அது தோன்றவே இல்லையாம். கௌசல்யா நல்ல பெண், அவளுக்கு வேறு நல்ல இடம் அமையும் என்று நினைத்தாராம். சகுனம் பார்த்து நிறுத்திய பெண்ணைக் கேட்டு அடுத்து யார் வருவார்கள் என்று கேட்டேன். காரைத் திருப்பச் சொன்னேன். நீங்களே சொல்லிவிடுங்களேன் மேடம், உங்கள் பேச்சை அத்தை கேட்கிறார் என்றார். நான் வாயே திறக்க மாட்டேன், துணைக்கு வந்து நிற்பேன், அவ்வளவுதான் என்றேன். பஸ் போனால் போகட்டும்.

நாங்கள் திரும்பிப் போனபோது நெய் வாசம் வாசல்வரை வந்தது. கூடத்தில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பழனியம்மாள் கேசரியைக் கரண்டியில் எடுத்தபடி, பஸ்ஸை விட்டுவிட்டீர்களா, நல்லதாகப் போயிற்று, உட்காருங்கள் என்றார்.

கதிர்வேல் உட்காரவில்லை. நின்றார். சட்டை பட்டனைத் திருகினார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"அத்தை... எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். வேற பொண்ணு இருக்கு. மலையில."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஒரு வரியை மட்டும் வேண்டுமென்றே படித்துக் காட்டியதையும் சொன்னார். அதை அவர் மறைத்திருந்தால்கூட நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை அந்தப் பையனுக்கு.

தண்டபாணி இலையிலிருந்து எழுந்துவிட்டார். குரலை உயர்த்தினார். பெண்ணைப் பெற்றவர், உயர்த்தமாட்டாரா? பத்திரிகை கொடுத்த வீடுகளில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று கேட்டார். பழனியம்மாள் அவரைத் தடுக்கவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். வேறு பெண், வேறு மதம், நின்றுபோன கல்யாணம் — இதில் எதைப் பற்றியும் அவர் முதலில் பேசவில்லை.

"ஏலே கதிரு... எனக்கு வெரசா எறங்கிருச்சோன்னு டீச்சரம்மாட்ட கேட்டேனே. நீ கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டுதானலே இருந்த."

கதிர்வேல் அழுதபடி காலில் விழப் போனார். அத்தை காலை இழுத்துக்கொண்டார்.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றேன். அந்தக் கூடத்தில் நிதானமாக இருந்தது கௌசல்யா மட்டும்தான். கையைக் கழுவிவிட்டு வந்தாள். அப்பாவை உட்காரச் சொன்னாள். பிறகு கதிர்வேலைப் பார்த்து, இதை ஒரு போனில் சொல்லியிருக்கலாமே, என் நம்பர் உங்களிடம் இருக்கிறதே என்றாள். திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

பழனியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, ஒண்ணே ஒண்ணு. தங்கம் சரியில்ல, சகுனம் சரியில்லன்னு யாருட்டயும் சொல்லாதீங்க. மாப்பிள்ளைக்கு மனசு வேற எடத்துல இருந்துச்சு, அதனால நின்னுருச்சுன்னு சொல்லுங்க. உண்மையத்தானே சொல்லச் சொல்றேன்."

"நானே வந்து சொல்றேன் தாயி," என்றார் பழனியம்மாள்.

இலையில் வைத்த கேசரி அப்படியே ஆறிக் கிடந்தது.

தண்டபாணியின் காரில்தான் பழனிக்கு வந்தேன். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌசல்யா, மேடம், மோதினதும் தங்கம் வெளியே வரும் என்றீர்களே, மொத்தத்தில் அது எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். இந்த நேரத்தில் இந்தக் கேள்வியா என்று நினைத்தேன். பிறகு புரிந்தது — ஏதாவது ஒன்றைப் பேசினால்தான் அழாமல் இருக்க முடியும். மொத்தத்தோடு ஒப்பிட்டால் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனாலும் நம் பூமியைவிடப் பல மடங்கு எடை தங்கம் இருக்கலாம் என்று சொன்னேன். அதன் வெளிச்சம் சில நாள் நீலமாகத் தொடங்கிச் சிவந்து மங்கும் என்றும் சொன்னேன். அவள் அடுத்தடுத்துக் கேட்டாள். பஸ் ஸ்டாண்ட் வரும்வரை நிறுத்தாமல் சொன்னேன். இவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவி எனக்கு வகுப்பில்கூட அமைந்ததில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அவளும் துடைக்கவில்லை, நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைத்தெரு முனையில் காரை நிறுத்தச் சொன்னாள். முகூர்த்தச் சேலைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்திருக்கிறாளாம், இன்றைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். இப்போது அது எதற்கு என்று அவள் அம்மா கேட்டார். தைத்தாயிற்றே, வாங்கித்தானே ஆகவேண்டும் என்று சொல்லி இறங்கிப் போனாள்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. பழனியம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளே ஆயக்குடிக்குப் போய், பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் தண்டபாணியோடு கூடவே நடந்து, என் அண்ணன் மகன்மேல்தான் தப்பு, பெண் தங்கமான பெண் என்று தன் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ராசிப் பேச்சு அடங்கிவிட்டது. கௌசல்யா மருந்துக் கடைக்குப் போகிறாளாம். அடுத்து வரன் வந்தால் முதலில் தான் பையனிடம் தனியாகப் பேச வேண்டும், ஜாதகம் எல்லாம் அதற்கப்புறம் என்று சொல்லிவிட்டாளாம். இதையெல்லாம் போனில் சொன்ன தண்டபாணி, பழனி பஸ்ஸில் ஒரு பெட்டி கொய்யாவும் போட்டு அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் ஒருவர் பரம சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மலை இறங்கி அவதிப்பட்டது நான்.

கதிர்வேலிடம் அத்தை ரொம்ப நாள் பேசவில்லை. லீவுக்கு வீட்டுக்கு வந்தால் சோறு மட்டும் போட்டு வைத்துவிட்டு மில்லுக்குப் போய்விடுவாராம். போன வாரம்தான், அந்தப் பெண்ணை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா, பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நேற்று கதிர்வேல் போன் செய்தார். ஷீலாவை அழைத்துக்கொண்டு போகப் பயமாக இருக்கிறதாம். நானும் கூட வந்து, அத்தைக்கு முதலில் கொஞ்சம் எடுத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

எடுத்துச் சொன்னேன் — அவருக்கு. நட்சத்திரங்கள் எப்படி மோதுகின்றன என்று எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், விளக்குகிறேன்; அத்தையிடம் பேசுவது உங்கள் வேலை.